ஓர் அட்மிரல் சொன்ன உண்மை

சீருடைக்குப் பின்... – 9

1974 அக்டோபரில் ஜப்பான் முழுக்க ஓர் அமெரிக்கரின் பெயர் அடிபட்டது. அவர் அதிபர் இல்லை, அமைச்சர் இல்லை, பதவியில் இருக்கும் படைத் தளபதியும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்ட ரியர் அட்மிரல் ஜீன் லாராக். வாஷிங்டனில் ஒரு நாடாளுமன்றத் துணைக் குழுவின் முன் செப்டம்பரில் அவர் அளித்த சாட்சியம் அக்டோபரில் வெளியானது. அதன் சாரம் இதுதான்: அணு ஆயுதம் ஏந்தும் திறன்கொண்ட அமெரிக்கப் போர்க்கப்பல் எதுவானாலும் அந்த ஆயுதத்தோடுதான் போகிறது. ஜப்பான் போன்ற வெளிநாடுகளின் துறைமுகத்துக்குள் நுழையும்போது அதை இறக்கிவைத்துவிட்டு நுழைவதில்லை.

வேறெந்த நாட்டிலும் இது ஒருநாள் செய்தியாகப் போயிருக்கும். ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் பறிகொடுத்த நாட்டில் அப்படிப் போக முடியாது. அணு ஆயுதத்தை வைத்திருக்க மாட்டோம், தயாரிக்க மாட்டோம், நாட்டுக்குள் கொண்டுவர விட மாட்டோம் என்ற மூன்று கொள்கைகளை 1967-ல் நாடாளுமன்றத்தில் அறிவித்தவர் பிரதமர் சாட்டோ எய்சாகு. சாட்டோவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது இதே 1974 அக்டோபரில்தான். ஒரு பக்கம் ஆஸ்லோவிலிருந்து பாராட்டு. மறுபக்கம், அந்த மூன்றாவது கொள்கை ஜப்பானின் துறைமுகங்களிலேயே மீறப்படுகிறது என்று வாஷிங்டனிலிருந்து ஒரு சாட்சியம். எதிர்க்கட்சிகள் கொதித்தன. நவம்பரில் அமெரிக்க அதிபர் ஃபோர்டு ஜப்பானுக்கு வருவதாக இருந்தது. பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் அந்த மண்ணில் கால் வைக்கப்போவது அதுவே முதல் முறை.

சென்ற வாரம் நாம் பார்த்த ஆல்ஃபிரட் மாஹனும் கடற்படை அதிகாரிதான். அவர் 1890-ல் எழுதிய கடல் வல்லமை பற்றிய நூலைப் படித்து வல்லரசுகள் போர்க்கப்பல்களைக் கட்டிக் குவித்தன. மாஹன் எழுதியது ஆட்சியாளர்களுக்காக. லாராக் பேசியது வரி கட்டும் குடிமக்களுக்காக. பாதுகாப்புக் கொள்கை ஆய்வு என்ற துறைக்குள் ஒரு முன்னாள் கடற்படை அதிகாரி போக இரண்டு வழிகள் உண்டு. லாராக் போனது இரண்டாவது வழி. அதில் நடப்பவர்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

பேர்ல் ஹார்பரிலிருந்து பென்டகன் வரை

லாராக் 1918-ல் இல்லினாய் மாநிலத்தின் கான்ககீ என்ற ஊரில் பிறந்தவர். 1940-ல் கடற்படையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, 1941 டிசம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை காலை, ஜப்பானிய விமானங்கள் பேர்ல் ஹார்பரைத் தாக்கியபோது அங்கே நின்றிருந்த ‘மக்டொனோ’ என்ற நாசகாரிக் கப்பலில் அவர் இளம் அதிகாரி. அந்தப் பசிபிக் போர் முழுவதையும் கடலிலேயே கழித்தார். தீவு தீவாக நடந்த சண்டைகளில் பங்கேற்றார்.

பிற்காலத்தில் அணு ஆயுதத்துக்கும் போருக்கும் எதிராக அவர் பேசியபோதெல்லாம், ‘துப்பாக்கியைக் கண்ணால் பார்க்காதவர்’ என்று யாரும் அவரை ஒதுக்கிவிட முடியவில்லை. அதற்கு இந்த நான்கு ஆண்டுகளே காரணம். ஸ்டட்ஸ் டெர்கல் என்ற எழுத்தாளர் இரண்டாம் உலகப்போரில் வாழ்ந்தவர்களின் நினைவுகளைத் தொகுத்து, புலிட்சர் பரிசு பெற்ற நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் லாராக்கும் பேசியிருக்கிறார். போரை வீரகாவியமாக்கும் பேச்சையும் திரைப்படங்களையும் அவரால் சகிக்க முடியவில்லை என்பது அந்தப் பேட்டியில் தெரிகிறது. இளைஞர்களின் சாவை நாமே நிகழ்த்திவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைக்கிறோம் என்ற கசப்பு அவருக்கு இருந்தது.

ஆனாலும் அவர் கடற்படையை விட்டு ஓடவில்லை. போருக்குப் பின் போர்க்கப்பல்களுக்குத் தலைமை தாங்கினார், கடற்படைக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பென்டகனில் முப்படைத் தலைமைத் தளபதிகள் குழுவின் போர்த் திட்டப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். அணு ஆயுதப் போர் வந்தால் எது எங்கே விழும் என்று கணக்குப் போடும் இடம் அது. நாட்டின் மிக ரகசியமான தாள்கள் அவர் கைகளில் புரண்டன.

1960-களின் பிற்பகுதியில், வியட்நாம் போரில் அமெரிக்காவுக்கு என்னென்ன வழிகள் மிச்சம் இருக்கின்றன என்று ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. ராணுவ பலத்தால் அந்தப் போரை வெல்ல முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்தார். மேலிடத்துக்கு அது பிடித்தமான விடை இல்லை. போர் தொடர்ந்தது. உயிர்கள் போய்க்கொண்டே இருந்தன. உள்ளே இருந்து சரியான விடையைச் சொன்னாலும் அது கோப்போடு கோப்பாக அடங்கிவிடும் என்பதை அவர் அப்போது உணர்ந்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அணிந்த சீருடையை 1972-ல் கழற்றினார்.

யாருடைய பணம்?

ஓய்வுபெற்ற அட்மிரல்களுக்கு அமெரிக்காவில் ஒரு ராஜபாட்டை எப்போதும் காத்திருக்கிறது. ஆயுதம் செய்யும் கம்பெனிகளில் ஆலோசகர் பதவி, இயக்குநர் பதவி. பதவியில் இருந்தபோது யாரிடம் வாங்கினார்களோ, ஓய்வுக்குப் பிறகு அவர்களுக்காகவே விற்கப் போவது. லாராக் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாதுகாப்புத் தகவல் மையம் என்ற சிறிய ஆய்வு அமைப்பை வாஷிங்டனில் நிறுவினார். அரசிடமிருந்தும் ஆயுதக் கம்பெனிகளிடமிருந்தும் பணம் வாங்குவதில்லை என்பது அதன் விதி.

இந்த விதியைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. பாதுகாப்புத் துறை ஆய்வில் எழுதுபவரின் அறிவை அளப்பதற்கு முன் அவருக்குப் படியளப்பது யார் என்று பார்க்க வேண்டும். ஒரு விமானம் தாங்கிக் கப்பல் தேவையா என்ற கேள்விக்கு, அந்தக் கப்பலைக் கட்டப்போகிறவரின் பணத்தில் நடக்கும் ஆய்வு நிறுவனம் நேர்மையாகவே விடை எழுதினாலும் படிப்பவருக்குச் சந்தேகம் தீராது. லாராக்கின் மையத்தை ஏற்காதவர்கள் ஏராளம். ஆனால், ‘நீ யாருக்காக எழுதுகிறாய்’ என்று கேட்க அவர் யாருக்கும் இடம் வைக்கவில்லை.

வலுவான பாதுகாப்பு தேவை. தேவைக்கு மிஞ்சிய ஆயுதச் செலவும், அணு ஆயுதப் போரின் வாய்ப்பைக் கூட்டும் கொள்கையும் கூடாது. மையத்தின் நிலைப்பாடு இதுதான். படையே வேண்டாம் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. ‘தி டிஃபென்ஸ் மானிட்டர்’ என்ற இதழை 1972-லிருந்து வெளியிட்டது. ஒவ்வோர் இதழிலும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அலசுவார்கள். பத்திரிகையாளர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதைப் புரட்டினார்கள். பின்னாளில் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் வந்தது. லாராக்கைப் போலவே ஓய்வுபெற்ற அதிகாரிகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ரியர் அட்மிரல் யூஜின் கேரல். ‘மிட்வே’ என்ற விமானம் தாங்கிக் கப்பலுக்குத் தலைமை வகித்தவர். இந்த ‘மிட்வே’யை மறந்துவிடாதீர்கள், சற்று நேரத்தில் மறுபடியும் வரும்.

இந்த வகை ஆய்வாளர்கள் ரகசியக் கோப்புகளைத் திருடுகிறவர்கள் அல்லர். பாதுகாப்புத் துறையின் நிதி ஒதுக்கீட்டுத் தாள்கள், நாடாளுமன்ற விசாரணைகளின் பதிவுகள், தணிக்கை அறிக்கைகள், கப்பல்களின் பழைய பதிவேடுகள் எல்லாம் பொதுவெளியில் கிடைப்பவை. யாருக்கும் படிக்கப் பொறுமை இருப்பதில்லை, படித்தாலும் புரிவதில்லை. ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கும் ஆயுதத்தின் பெயரைப் பார்த்ததும் அது எந்தக் கப்பலில் எந்த இடத்தில் பொருத்தப்படும், யார் அதைக் கையாள்வார்கள், எப்போது பயன்படுத்துவார்கள் என்று சொல்லக் கடலில் வாழ்ந்தவரால் முடியும். அனுபவத்தைத் தாளோடு உரசிப் பார்க்கும்போது உண்மை வெளிவருகிறது.

இறக்கி வைக்க இடம் எது?

மீண்டும் 1974-க்கு வருவோம். அணுசக்திக்கான நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் ஒரு துணைக் குழு. தலைமையில் செனட்டர் ஸ்டூவர்ட் சிமிங்டன். வெளிநாடுகளில் இருக்கும் அமெரிக்க அணு ஆயுதங்கள் எவ்வளவு பத்திரமாக இருக்கின்றன என்பது விசாரணைக்கு வந்த விஷயம். லாராக்கின் சாட்சியத்தில் ஜப்பான் ஓர் உதாரணமாகத்தான் வந்துபோனது. தான் கப்பலுக்குத் தலைமை தாங்கிய அனுபவத்தில் சொல்வதாகவே அவர் சொன்னார்.

அவர் சொன்னதில் மாலுமிகளுக்குப் புதிய செய்தி எதுவும் இல்லை. கொஞ்சம் யோசித்தால் நமக்கும் விளங்கும். அன்றைய அமெரிக்கக் கப்பல்களில் ‘அஸ்ராக்’ என்ற ராக்கெட் இருந்தது. நீர்மூழ்கியை அடிப்பதற்கானது. அதன் முனையில் சாதாரண டார்பிடோவையும் வைக்கலாம், அணு ஆழ்நீர்க் குண்டையும் வைக்கலாம். வானில் வரும் விமானத்தை அடிக்கும் ‘டெரியர்’ ஏவுகணையிலும் அணுமுனை கொண்ட வகை உண்டு. விமானம் தாங்கிக் கப்பலில் ஹைட்ரஜன் குண்டு சுமக்கும் விமானங்கள் இருந்தன. சான் டியேகோவிலிருந்து கிளம்பும் ஒரு கப்பல் பல மாதங்கள் மேற்குப் பசிபிக்கில் சுற்றுகிறது. நடுவே யோகோசுகாவிலோ சாசெபோவிலோ நுழைகிறது. எரிபொருள் வேண்டும், பழுது பார்க்க வேண்டும், மாலுமிகளுக்கு ஓய்வு வேண்டும். அதற்குமுன் அணு ஆயுதத்தை எங்கே இறக்குவது? நடுக்கடலில் இன்னொரு கப்பலுக்கு மாற்றி, கரையிலிருந்து திரும்பியதும் மறுபடி ஏற்றிக்கொள்வதா? ஒவ்வொரு முறை கிரேன் தூக்கும்போதும் ஆபத்து. போருக்குத் தயாராக இருப்பதற்காகவே கடலில் நிற்கும் கப்பல், தன் முக்கிய ஆயுதத்தைத் துறைமுகம் தோறும் கழற்றி வைப்பதில் படை நோக்கில் அர்த்தமே இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1973 அக்டோபரில் ‘மிட்வே’ யோகோசுகாவுக்கு வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல் ஒன்று வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தன் தாய்த் துறைமுகமாக்கிக்கொண்டது அதுவே முதல் முறை. ஓரிரு நாள் வந்துபோகும் கப்பலைப் பற்றி ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். குடும்பத்தோடு குடியேறிவிட்ட கப்பலைப் பற்றி என்ன சொல்வது?

ஜப்பானிய அரசு பதில் சொன்ன விதத்தைக் கவனிக்க வேண்டும். 1960 பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, அணு ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவருவதாக இருந்தால் அமெரிக்கா முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும். அப்படி எந்த ஆலோசனையும் கேட்கப்படவில்லை. ஆகவே ஆயுதம் எதுவும் வரவில்லை. இதுதான் அரசின் வாதம். அமெரிக்க அரசோ, லாராக் இப்போது ஒரு தனிமனிதர், அவர் பேச்சு அரசின் பேச்சாகாது என்றது. எந்தக் கப்பலிலும் அணு ஆயுதம் இருப்பதை உறுதிசெய்யவும் மாட்டோம், மறுக்கவும் மாட்டோம் என்பது 1958 முதல் அமெரிக்காவின் கொள்கை. இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரு கேள்வியை விடையில்லாமலேயே மூடிவிட முயன்றன.

36 ஆண்டுகள்

உண்மை ஒரே நாளில் வெளிவரவில்லை, தவணை முறையில் வந்தது.

1981-ல் எட்வின் ரைஷவர் வாய் திறந்தார். 1960-களில் ஜப்பானுக்கான அமெரிக்கத் தூதராக இருந்தவர், ஜப்பானிய வரலாற்றில் பெரும் அறிஞர். ‘கொண்டுவருதல்’ என்பது நிலத்தில் இறக்கி வைப்பதையே குறிக்கும், கப்பலில் இருந்தபடியே துறைமுகத்துக்கு வந்துபோவது அதில் சேராது என்று இரு தரப்புக்கும் இடையே புரிதல் இருந்ததாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஏழு ஆண்டுகளுக்கு முன் லாராக் சொன்னதற்கு இவ்வாறு மேல்மட்டத்திலிருந்தே ஆதாரம் கிடைத்தது.

1989-ல் அதைவிடக் கனமான ஆதாரம் வந்தது. 1965 டிசம்பர் 5 அன்று, ‘டைகாண்டெரோகா’ என்ற விமானம் தாங்கிக் கப்பல் யோகோசுகாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. விமானத்தை மேல்தளத்துக்கு ஏற்றும் லிஃப்டை நோக்கி ஸ்கைஹாக் விமானம் ஒன்றைத் தள்ளிக்கொண்டுபோனார்கள். விமானி இருக்கையில் இருந்தார். விமானத்தின் அடியில் ஒரு ஹைட்ரஜன் குண்டு. அது நிற்காமல் உருண்டு விளிம்பைத் தாண்டிக் கடலில் விழுந்தது. விமானி, விமானம், குண்டு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட 4,900 மீட்டர் ஆழத்தில் அவை இன்றும் கிடக்கின்றன. நிலத்திலிருந்து 500 மைலுக்கு அப்பால் நடந்த விபத்து என்று 1981-ல் பென்டகன் சொல்லியிருந்தது. கப்பலின் அன்றாடப் பதிவேடுகளைத் தேடியெடுத்துப் படித்தார் வில்லியம் ஆர்கின். அமெரிக்கத் தரைப்படையின் உளவுப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஆய்வாளரானவர். விபத்து நடந்த இடம் ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலிருந்து ஏறக்குறைய 80 மைல்தான் என்பது தெரிந்தது. இரண்டு நாளில் அந்தக் கப்பல் யோகோசுகாவுக்குள் நுழைந்ததும் தெரிந்தது.

கப்பலில் ஒவ்வொரு காவல் முறையிலும் இருக்கும் அதிகாரி நேரம், இடம், நடந்தது என்று குறித்துவைத்துவிட்டுக் கையெழுத்திடும் ஒரு சாதாரணப் பதிவேடு அது. அதை எழுதியவர்களுக்கு அரசியல் நோக்கம் எதுவும் கிடையாது. அதனால்தான் அது பேசியபோது யாராலும் மறுக்க முடியவில்லை.

2009-ல் ஜப்பானில் ஆட்சி மாறியது. வெளியுறவு அமைச்சர் ஒகாடா கட்சுயா பழைய கோப்புகளைத் தேடச் சொன்னார். அறிஞர்கள் குழு ஒன்று 2010 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. அணு ஆயுதக் கப்பல்கள் வந்துபோவது குறித்து இரு நாடுகளுக்கும் இடையே மறைமுக உடன்பாடு இருந்தது என்று அந்தக் குழு சொன்னது. லாராக் சாட்சியம் அளித்து ஏறக்குறைய 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அவருக்கு வயது 91. தான் சொன்னதை ஜப்பானிய அரசே ஒப்புக்கொண்டதை அவர் உயிரோடு இருந்து பார்த்தார்.

அதற்குள் உலகமும் மாறியிருந்தது. 1985 பிப்ரவரியில் நியூசிலாந்து அரசு, அஸ்ராக் பொருத்திய ‘பியூக்கனன்’ என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலுக்கு அனுமதி மறுத்தது. இருக்கிறதா இல்லையா என்று சொல்ல மாட்டோம் என்றால் உள்ளே விட மாட்டோம் என்று ஒரு சிறிய நாடு நிமிர்ந்து நின்றது. 1991 செப்டம்பரில் அதிபர் மூத்த புஷ், போர்க்கப்பல்களிலிருந்து குறுந்தூர அணு ஆயுதங்களை விலக்குவதாக அறிவித்தார். பனிப்போர் முடிவுக்கு வந்ததே இதற்குப் பெரிய காரணம். ஆனால் கப்பலில் அணு ஆயுதம் என்பதை அரசுகளின் ரகசியமாக விட்டுவிடாமல் மக்களின் கேள்வியாக்கியவர்களில் லாராக்குக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

பயத்தை அளந்து பார்த்தவர்

லாராக் மையத்தின் இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். 1979 இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தன. உலகமே சிவப்பாகிக்கொண்டிருக்கிறது என்ற பதற்றம் அமெரிக்காவில் பரவியது. 1980 தொடக்கத்தில் ‘டிஃபென்ஸ் மானிட்டர்’ ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டது. 1945 முதல் ஒவ்வொரு நாடாக எடுத்துக்கொண்டு, அங்கே சோவியத் செல்வாக்கு ஏறியதா இறங்கியதா என்று பார்த்தது. விடை பலரையும் திகைக்கவைத்தது. அந்தச் செல்வாக்கு 1950-களின் இறுதியில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கியிருந்தது. சீனா பிரிந்து போனது. இந்தோனேசியா 1965-ல் கைநழுவியது. எகிப்து 1972-ல் சோவியத் ஆலோசகர்களை வெளியேற்றியது. சோமாலியா 1977-ல் அதையே செய்தது. புதிதாகக் கிடைத்த நாடுகளின் பெயர்களே செய்தித்தாளில் பெரிதாக வந்துகொண்டிருந்தன. இழந்தவற்றை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

பாதுகாப்பு ஆய்வின் இன்னொரு கடமை இது. பயத்தை அளந்து சொல்வது. எதிரியின் பலத்தைக் குறைத்து மதிப்பிட்டால் போரில் தோற்போம். கூட்டி மதிப்பிட்டாலோ போர் வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் இழந்துவிடுவோம். முதல் தவறைத் தடுக்கப் படைக்குள்ளேயே ஆள் உண்டு. இரண்டாவது தவறைத் தடுப்பதற்கு வெளியே யாராவது இருந்தாக வேண்டும்.

முன்னாள் சகாக்களில் பலர் லாராக்கைத் தூற்றினார்கள். எதிரிக்குத் துணைபோகிறவர் என்றார்கள். எல்லா விஷயத்திலும் அவர் சொன்னதே சரி என்று நானும் வாதிடப்போவதில்லை. எதிர்த்தவர்களும் அவர் வெளியிட்ட எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, அவர்களும் தாள்களைப் புரட்ட வேண்டியிருந்தது. ஒரு ஜனநாயகத்துக்கு அதைவிடப் பெரிய தொண்டு கிடையாது. 2012-ல் அந்த மையம் அரசு நிர்வாகத்தைக் கண்காணிக்கும் வேறோர் அமைப்போடு இணைந்தது. லாராக் 2016 அக்டோபர் 31 அன்று தன் 98-வது வயதில் காலமானார்.

நம் கடலில்

இது அமெரிக்காவின், ஜப்பானின் கதை மட்டுமல்ல. 1971 டிசம்பரில் வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ‘என்டர்பிரைஸ்’ என்ற விமானம் தாங்கிக் கப்பலின் தலைமையில் அமெரிக்காவின் 74-ஆம் படைப்பிரிவு மலாக்கா நீரிணையைக் கடந்து வங்கக் கடலுக்குள் வந்தது. டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்துவிட்டதால் மேற்கொண்டு விபரீதம் நேரவில்லை. அந்தக் கப்பலில் அணு ஆயுதம் இருந்ததா என்ற கேள்வி இந்தியாவின் பாதுகாப்புச் சிந்தனையில் ஆழமாக இறங்கியது. அமெரிக்கா வாய் திறக்கவில்லை. லாராக்கின் சாட்சியத்தில் இருக்கும் பொது விதியை அந்தக் கப்பலுக்குப் பொருத்திப் பார்த்தால் விடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம். அதே டிசம்பர் 16-ல், இலங்கையின் முயற்சியில், இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றியதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2007 ஜூலையில் ‘நிமிட்ஸ்’ சென்னைக்கு அப்பால் கடலில் நங்கூரம் போட்டது. இடதுசாரிகள் தெருவில் இறங்கினார்கள். அது அணுசக்தியில் ஓடும் கப்பல் என்பது ஒன்று, அதில் அணு ஆயுதம் இருக்கிறதா என்பது வேறொன்று. போராடியவர்களில் பலரும் வரவேற்றவர்களில் பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள். 1991 அறிவிப்பைப் பற்றி நம் பத்திரிகைகள் அப்போது இன்னும் விரிவாக எழுதியிருந்தால் விவாதம் தெளிவாக நடந்திருக்கும்.

நம்மிடம் ஆய்வு நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. சிம்லாவில் 1870-லேயே தொடங்கிய ஐக்கியப் படைப்பணிக் கழகம் இன்று டெல்லியில் இயங்குகிறது. 1962 போரின் அடிக்குப் பிறகு, 1965-ல் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் பிறந்தது. திருச்சியில் பிறந்த கே.சுப்பிரமணியம் அதற்கு உயிரூட்டினார். கடல் சார்ந்த ஆய்வுக்காக 2005-ல் தேசியக் கடல்சார் அறக்கட்டளை வந்தது. ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரிகள் பலர் இவற்றில் தரமாக உழைத்திருக்கிறார்கள். கார்கில் போருக்குப் பின் சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கை, சில பகுதிகள் மறைக்கப்பட்டாலும், 2000-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்க முடிந்தது. பெருமைப்பட வேண்டிய முன்னுதாரணம் அது.

ஆனால் 1962 தோல்வியைப் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. பெரிய ஆய்வு நிறுவனங்கள் பெரும்பாலும் அரசின் பணத்தையே நம்பி நிற்கின்றன. உளவு மற்றும் பாதுகாப்பு சார்ந்த சில துறைகளில் ஓய்வுபெற்றவர்கள் தங்கள் பணி தொடர்பாக எழுத முன் அனுமதி வேண்டும் என்று 2021-ல் ஓய்வூதிய விதி கடுமையாக்கப்பட்டது. முப்படையினருக்கு அது நேரடியாகப் பொருந்தாது. இருந்தாலும் பேனா எடுக்கும் கை தயங்க அதுவே போதும்.

ரகசியமே கூடாது என்பது என் வாதமில்லை. கப்பல் நாளை எந்தத் திசையில் போகும், நீர்மூழ்கி எந்த ஆழத்தில் கிடக்கும் என்பவை ரகசியமாகவே இருக்க வேண்டும். லாராக்கும் அவற்றை வெளியிட்டதில்லை. எந்தக் கொள்கைக்காக அந்தக் கப்பல் போகிறது, அதற்கு எவ்வளவு செலவு, அது நம் துறைமுகத்துக்கு வரும்போது எதைச் சுமந்து வருகிறது என்பவை குடிமக்களின் கேள்விகள். இவற்றுக்கு விடை சொல்லப் போரைப் பார்த்தவரின் சொல்லுக்கு இருக்கும் எடை வேறு யாருடைய சொல்லுக்கும் இல்லை. முப்பது ஆண்டு கடலில் சேர்த்த அறிவு மக்கள் வரிப்பணத்தில் சேர்ந்தது. ஓய்வு பெறும் நாளில் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பூட்டிவைக்காமல், விற்றும் விடாமல், மக்களிடமே திருப்பிக் கொடுக்க முடியும் என்று செய்துகாட்டியவர் லாராக்.

நம்மிடமும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகள், நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகள், தலைமைத் தணிக்கையாளரின் கடற்படை அறிக்கைகள் எல்லாம் அச்சில் கிடைக்கின்றன. விக்ராந்த் கட்டிய கதையில் ஏற்பட்ட தாமதங்கள்கூடத் தணிக்கை அறிக்கையில் இருக்கின்றன. அவற்றைப் படித்துத் தமிழில், சாதாரண வாசகருக்குப் புரியும்படி எழுதும் ஒரு முன்னாள் அதிகாரியை ஒவ்வொரு பத்திரிகையும் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் எழுதுவது நமக்குக் கசந்தாலும் வெளியிட வேண்டும். அரசின் பணமோ கம்பெனியின் பணமோ இல்லாமல் அப்படியொரு சிறிய மையம் சென்னையிலோ தூத்துக்குடியிலோ வாசகர்களின் சந்தாவில் நடக்குமானால், நம் கடலைப் பற்றிய முடிவுகளில் நமக்கும் ஒரு குரல் இருக்கும்.

(அடுத்த வாரம்: இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்து, ஓய்வுக்குப் பின் அணு ஆயுதத்தை எதிர்த்து நின்ற அட்மிரல் எல்.ராமதாஸ்)

(தொடரும்)